பின்பாட்டில் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள்

வேலூர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், தொடக்கக் கல்வியைக் கவனிக்கும் மாவட்ட, வட்டார அலுவலர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நம் மாவட்டத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம் தெருக்கூத்தைக் கொண்டுபோக வேண்டும். மேடையில் யாரோ ஆட, இவர்கள் கைகட்டி உட்கார்ந்து பார்ப்பதற்காக அல்ல. பாட்டின் ஒரு அடியாவது பிள்ளைகள் வாயில் இருக்க வேண்டும். அவர்கள் குரல் கொடுத்தால்தான் கதை நகரும் என்று இருக்க வேண்டும். அதற்கென்று சுருக்கிய, பகலில் நடக்கிற, வகுப்பறையிலேயே முன்தயாரிப்பு நடந்த கூத்து வேண்டும். மாவட்டத்தின் ஏழு ஒன்றியங்களிலும் ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி என்று இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.

நான் அணைக்கட்டு ஒன்றியத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சிறுவயதில் ஞாயிறு காலையில் வேலூரில் ஆலயப் பாடகர் குழுவில் பாடுவேன். சித்திரை, வைகாசியில் பாட்டி ஊரில் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், அதாவது பாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் விழா நடத்தினால், இராத்திரியெல்லாம் கூத்துக் களத்தில் இருப்பேன். எங்கள் பாடகர் குழுவை நடத்தியவரிடம் ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தின் கேசட்டுகள் இருந்தன. பயிற்சி முடிந்ததும் போட்டுக் காட்டுவார். மொழி புரியாது. ஆனால் ஒருவர் கோபப்படுவதும், இன்னொருவர் கெஞ்சுவதும், பின்னாலிருந்து ஒரு கூட்டம் அதை வாங்கிப் பாடுவதும் எனக்குப் புதிதாகப் படவில்லை. கூத்தில் கேட்டுப் பழகியதுதான்.

இரண்டும் கதையைப் பாடிச் சொல்லும் கலைகள். ஓபராப் பாடகர்கள் மைக் இல்லாமல் பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேர ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள். கூத்தைச் சொல்லிக்கொடுத்து நடத்தும் நம் கூத்து வாத்தியார்கள் ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு அறுவடை முடிந்த வயலில் நின்று, முகவீணை என்ற சிறு ஊதுகுழலின் சுருதிக்கு ஈடாக விடியவிடிய உச்சத்தில் பாடினார்கள். மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ 1791இல் வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியது அரண்மனையில் அல்ல, சாதாரண ஜனங்கள் வந்துபோன ஒரு புறநகர் அரங்கத்தில். அதில் பாபகேனோ என்றொரு பறவை பிடிப்பவன் வருவான். இறகு உடுத்தியிருப்பான், சாப்பாட்டுப் பிரியன், பயந்தாங்கொள்ளி, வாயாடி. பொய் சொன்னதற்காக அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அவன் மூடிய வாயோடு ‘ம் ம் ம்’ என்றே ஒரு பாட்டைத் தொடங்குவான். அந்தப் பகுதியை என் வகுப்பில் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் அத்தனை பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டு கூடவே ‘ம் ம்’ போட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவன் நம்ம கட்டியங்காரன், அதாவது கூத்தில் கதையை நடத்திக்கொண்டே சிரிக்க வைக்கும் கோமாளி, மாதிரியே இருக்கிறான் என்று ஒரு பையன் சொன்னான். அவன் தாத்தா கூத்தில் மிருதங்கம் வாசித்தவர்.

ஓபரா நடக்கும் நாடுகளில் சிறுபிள்ளைகளை அந்தக் கலைக்குள் எப்படி அழைத்துப் போகிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மூன்று மணிநேரக் கலையை ஐந்து வயதுப் பிள்ளையின் முன்னால் அப்படியே கொண்டுபோய் வைப்பதில்லை. சுருக்குகிறார்கள். அதோடு நிற்காமல், பார்க்க வந்தவர்களுக்கே ஒரு பங்கை ஒதுக்கிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1949இல் ஆல்ட்பரோ என்ற கடலோரச் சிற்றூரின் இசைவிழாவுக்காக ‘தி லிட்டில் ஸ்வீப்’ என்ற சிறுவர் ஓபராவை எழுதினார். புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட எட்டு வயதுப் பையனை அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒளித்து வைத்துக் காப்பாற்றும் கதை. அதில் நான்கு பாட்டு பார்வையாளர்களுடையது. கதை தொடங்குவதற்கு முன்பே இசைக்குழுத் தலைவர் அவர்கள் பக்கம் திரும்பி நின்று பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். இரவைப் பற்றிய ஒரு பாட்டில் கூட்டத்தை நான்காகப் பிரித்து ஒரு பகுதிக்கு ஆந்தை, ஒன்றுக்கு நாரை, ஒன்றுக்குப் புறா, இன்னொன்றுக்குச் சிட்டு என்று கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு கூட்டமும் தன் பறவையின் குரலில் பாட வேண்டும். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிற பிள்ளைக்கு அசதி எங்கிருந்து வரும்?

அதே பிரிட்டன் 1958இல் பைபிளில் வரும் நோவாவின் வெள்ளக் கதையை ஒரு தேவாலயத்துக்குள் நடத்தினார். ஊர்ப் பிள்ளைகள்தான் மிருகங்களும் பறவைகளுமாக அணிவகுத்துப் பேழைக்குள் போனார்கள். முதல் மழைத்துளி விழும் ஓசைக்கு விலையுயர்ந்த வாத்தியம் எதையும் அவர் தேடவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் பிள்ளைகளைத் தட்ட வைத்தார். நம் பள்ளிகளில் டம்ளருக்கும் கரண்டிக்கும் பஞ்சமில்லை.

இத்தாலியில் பள்ளிப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வகுப்பிலேயே சில பாட்டுகளைப் பழகி, அட்டையில் சின்னச் சின்னப் பொருள்கள் செய்து எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போகிறார்கள். உரிய இடம் வந்ததும் இருக்கையில் இருந்தபடியே பாடகர்களோடு சேர்ந்து பாடுகிறார்கள். இதற்கென்று தனித் திட்டமே அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் இடம் கூத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்பதுதான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது. கூத்தில் வேஷக்காரர் ஓர் அடி பாடினால் பின்னால் நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். பின்பாட்டு இல்லாமல் கூத்து இல்லை. மரக் கிரீடமும் அணிகளும் கட்டி வரும் இராஜா வேஷமான கட்டை வேஷம் நேரே வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னாலிருந்து குரல் வரும், சலங்கை கேட்கும், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். திரை விலகியதும் கட்டியங்காரன் கேள்வி கேட்பான்: வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தீர்? அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் ‘நீங்க யாரு?’ என்று கேட்டால் எந்த இராஜாவும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பள்ளியில் இதைச் சின்ன அளவில் செய்து பார்த்திருக்கிறோம். ஒரு ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார், ஒரு ஆர்மோனியக்காரர், கட்டியங்காரன் வேஷம் போடுபவர் என்று மூன்று பேர் மட்டும் வந்தார்கள். அதில் கற்றதை வைத்து ஒரு முறையைச் சொல்கிறேன்.

மூன்று வருகை வேண்டும், இடையில் ஒரு வாரமாவது இடைவெளியோடு. முதல் நாள் வேஷமே வேண்டாம். வாத்தியாரும் தாளக்காரரும் சாதாரண வேட்டி சட்டையில் வகுப்புக்கு வரட்டும். ஒரே ஒரு பாட்டின் ஒரே ஒரு அடி, அதற்குத் தாளம். பிள்ளைகள் அதை ஒரு வாரம் பாடிக்கொண்டே இருப்பார்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில், கிணற்றடியில், வீட்டில். பிறகு திடலின் ஒரு கோடியில் நின்று மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்கும்படி பாடச் சொல்ல வேண்டும், கத்தாமல். கத்துவதற்கும் குரல் விட்டுப் பாடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை வாத்தியார் வயிற்றில் கை வைத்துக் காட்டுவார். இது வேறு யாராலும் சொல்லித்தர முடியாத பாடம்.

இரண்டாவது வருகை மிக முக்கியம். அன்று பிள்ளைகள் கண்ணெதிரில் வேஷம் போட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கட்டை வேஷம் பயம் தரும். செம்பூச்சு முகம், முறுக்கிய மீசை, தலைக்கு மேல் எழுந்து நிற்கும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், இத்தனையும் திரை விலகியதும் ஒரே அடியாக முன்னால் வந்து நின்று சுழன்றால் முன்வரிசையில் அழுகை எழும். கோயில் கூத்தில் அதுவும் ஓர் அனுபவம். அம்மா மடி பக்கத்தில் இருக்கும். பள்ளியில் அந்த மடி இல்லை. ஆனால் முதல் நாள் பாட்டுச் சொல்லித்தந்த அதே மாமா முகத்தில் முத்துவெள்ளை பூசுவதையும், மை இழுப்பதையும், ஒட்டு மீசை வைத்துக்கொண்டு ஒரு தடவை சிரிப்பதையும் பார்த்துவிட்டால் பயம் ஆவலாக மாறிவிடுகிறது. கிரீடத்தைத் தொட்டுப் பார்க்க விட வேண்டும். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டியது அது. ‘இது தங்கம் இல்லையா?’ என்று கேட்டு, மரம் என்று தெரிந்ததும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் வரவில்லை. நாமும் செய்யலாமா என்றுதான் கேட்டார்கள். செய்தோம், அட்டையில்.

மூன்றாவது வருகையில் கூத்து. நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மைக் வேண்டாம், கூம்பு ஒலிபெருக்கி அறவே வேண்டாம். ஐம்பது அறுபது பிள்ளைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார வைக்க வேண்டாம், அதிகம் இருந்தால் இரண்டு ஆட்டமாக ஆடட்டும். தரையில் வட்டமாக உட்கார வைத்து நடுவில் ஆடினால் போதும். மேடை போட்டால் தூரம் வந்துவிடுகிறது.

எந்தக் கதை என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஏகசக்கரபுரத்து ஜனங்களிடம் சோறு கேட்டு வாட்டும் அசுரனைப் பீமன் கொல்லும் பகாசூரன் கதைதான் முதலில். பாரதம் வைக்கிற ஊர்களில் அந்த நாளில் சோற்று வண்டி ஊரைச் சுற்றி வருவதும், பீமன் வேஷக்காரர் வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே போவதும் நம் பிள்ளைகளில் சிலருக்காவது தெரிந்திருக்கும். ஏகசக்கரபுரத்து ஜனங்களாகப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கலாம். ஒரு கூட்டம் சோறு கொண்டுவரும், ஒரு கூட்டம் வண்டி இழுக்கும், ஒரு கூட்டம் காட்டுப் பறவைகளாகக் குரல் கொடுத்து அசுரன் வருவதை எச்சரிக்கும். மைனா, ஆந்தை, மயில், காக்கை என்று நான்காகப் பிரித்தால் இசையமைப்பாளர் பிரிட்டன் செய்தது நம் ஊருக்கு வந்துவிடும். திரௌபதி துகிலுரிதல் கூத்தில் மகத்தானது. என் மனதில் அதற்கு ஈடான ஆட்டம் கிடையாது. ஆனால் அது ஆறு வயதுக்கு அல்ல. கர்ண மோட்சமும் அல்ல. அவற்றைப் பார்க்க வயது இருக்கிறது.

பாரதக் கதை என்றால் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒத்துவருமா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. பேர்ணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் வேலூர் நகரத்திலும் ஒரே வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நானே கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கூத்தை நான் கோயிலில் கண்டேன், கலையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பள்ளியில் பூசை, படையல் எதுவும் இல்லாமல் கதையாக மட்டும் ஆடச் சொன்னால் வாத்தியார்கள் மறுக்க மாட்டார்கள். அதையும் தாண்டி, கூத்து புதிய கதைகளை ஏற்காத கலை அல்ல. செய்யாறு பக்கத்துப் புரிசைக் குழு, லத்தீன் அமெரிக்க எழுத்தாளர் மார்க்கேஸின் ஒரு சிறுகதையையே கூத்தாக ஆடியிருக்கிறது. இரண்டாம் ஆண்டு நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும் கதைக்கு வாத்தியாரே தரு, அதாவது கூத்துப் பாட்டு, கட்டட்டும். பாலாற்றில் தண்ணீர் வந்த நாள் என்று ஒரு கதை கொடுத்தால் போதும், இந்த மாவட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் பாட்டியிடம் கேட்க ஏதாவது இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் கூத்துக் கலைஞர்களின் அமைப்பான கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பையன்களுக்குச் சமமாகப் பழகி, கட்டை வேஷம் கட்டி ஆடினார்கள். வாத்தியார் பெ. இராஜகோபாலும் அவரோடு உழைத்தவர்களும் செய்த பெரிய காரியம் அது. பள்ளியில் கிரீடம் வைத்துப் பார்க்கும் முறை வரும்போது, ‘இது பசங்களுக்கு’ என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிடக் கூடாது. உங்கள் சுற்றறிக்கையில் இதை ஒரு வரியாக எழுதுங்கள்.

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியபோது நான் மகிழ்ந்தவள். இன்றும் அதன் பக்கம்தான். ஆனால் அது போட்டி. ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளை அதில் வெளியே தெரிகிறது; இதுவரை கலையைக் கண்ணாலேயே பார்க்காத பிள்ளைக்கு அது வாசல் ஆகாது. ஆறு வயதில் முதலில் வேண்டியது பரிசு அல்ல, அறிமுகம். எனவே நான் கேட்பதில் முதல் இடம், இரண்டாம் இடம், சான்றிதழ், மதிப்பெண் எதுவும் வேண்டாம். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்து வகுப்புகளில் பாட்டுக்கும் கதைக்கும் கைப்பொம்மைக்கும் இப்போதே நேரம் இருக்கிறது. மூன்று நாள் அந்த நேரத்தைக் கூத்துக்கு விடுங்கள். கூத்து வசனத்தில் வரும் நீளமான வாக்கியங்களைத் திக்காமல் சொல்லிப் பழகிய பிள்ளை, பாடப் புத்தகத்து வாக்கியத்தையும் தயங்காமல் வாய்விட்டுப் படிக்கிறதை நான் வகுப்பில் பார்த்தேன்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார், ஒரு நிகழ்ச்சியில் ஆடிய கூலிக்காகப் பல மாதம் அலைந்தார். போக்குவரத்துக்குச் செலவழித்தது கைக்கு வந்ததைவிட அதிகம் என்று சொல்லி அழுதார். அப்படி ஒரு திட்டம் வேண்டவே வேண்டாம். ஆடிய அன்றே பணம் கையில் சேர வேண்டும். மூன்று வருகைக்கும் தனித்தனியாகக் கூலி உண்டு, பாட்டுச் சொல்லித்தரும் நாளும் வேலை நாள்தான். பயணச் செலவு தனி. மதியம் பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சாப்பாடு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்கள் விவரம் அரசிடம் இருக்கிறது, ஆள் தேடுவது கடினமல்ல.

அதோடு, ‘நம் மாவட்டக் கலைஞர்கள் மட்டும்’ என்று நிபந்தனை போட்டுவிடாதீர்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றானது. கூத்துக்கு இந்தக் கோடுகள் கிடையாது. ஆற்காடு, ஆரணி, செய்யாறு பக்கத்து ஜமாக்கள் எப்போதும் குடியாத்தம் வரை வந்து ஆடுபவை. காலமும் நமக்குச் சாதகமாக இருக்கிறது: கோயில் விழாக்களால் கலைஞர்களுக்குக் கை நிறைய வேலை இருக்கும் வெயில் மாதங்களில் பள்ளி விடுமுறை, ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர்களுக்கு வேலை குறையும்போது நம் பள்ளி நடக்கிறது.

இந்த மடலைப் படிக்கும் கூத்து வாத்தியார்களுக்கு ஒரு வார்த்தை. ஐயா, கட்டியங்காரன் பேச்சில் பெரியவர்களுக்கான சங்கதிகள் உண்டு. களத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அளந்து பேசுவது உங்களுக்குக் கைவந்த வித்தை. பிள்ளைகள் முன்னால் எதை விட வேண்டும் என்று ஓர் ஆசிரியை சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்பது வேறு. சுருக்கும்போது பாட்டைக் குறைத்து வசனத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைத்து விருத்தத்தை விட்டுவிடாதீர்கள். சொல் புரியாவிட்டாலும் குரல் புரியும். ஒரு விருத்தமாவது முழுசாக, உச்சத்தில், தாளமில்லாமல் நின்று பாடுங்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தது அந்த இடத்தில்தான்.

அலுவலர் அவர்களே, தொடங்குவதற்குப் புதுக் கட்டடமோ புதுப் பதவியோ தேவையில்லை. ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி. அந்தப் பள்ளியில் விருப்பமுள்ள ஓர் ஆசிரியர். ஐந்து கலைஞர்கள் கொண்ட சிறு குழு, அதாவது ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, கட்டியங்காரன், ஒரு கட்டை வேஷம். ஜூலைக்குள் பள்ளிகளைத் தேர்வு செய்து, செப்டம்பருக்குள் ஆசிரியர்களையும் வாத்தியார்களையும் ஒரு நாள் ஒரே இடத்தில் உட்கார வைத்தால், மழை மாதங்களில் மூன்று வருகையும் முடிந்துவிடும். அந்த ஒருநாள் கூட்டத்தில் ஆசிரியர்களும் பின்பாட்டுப் பாடிப் பழக வேண்டும். தள்ளி நின்று குறிப்பெடுக்கும் ஆசிரியரைப் பார்த்துப் பிள்ளைகளும் தள்ளி நிற்பார்கள்.

அணைக்கட்டு ஒன்றியத்துக்கு எங்கள் பள்ளியைத் தேர்வு செய்தால் திடல் தயார், தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசிவிட்டோம். மற்ற ஆறு ஒன்றியங்களின் ஆசிரியர்களோடு பேச என்னை எப்போது அழைத்தாலும் வருகிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அணைக்கட்டு ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்